செய்முறை நெட்வொர்க் தேர்வுக்கு எந்த வழியில் தயாராவது? பயிற்சி முறைகளும் கருவிகளும்: ஓர் ஒப்பீடு

நெட்வொர்க் துறையில் சான்றிதழ்த் தேர்வுகள் பல உண்டு. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுக்கும், ரவுட்டர்களும் சுவிட்சுகளும் இணைந்த ஒரு வலையமைப்பைக் கையில் ஒப்படைத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைக் கேட்டபடி இயங்க வைக்கச் சொல்லும் தேர்வுக்கும் ஒரே விதமாகத் தயாராக முடியாது. இரண்டாவது வகையில் மிகவும் அறியப்பட்டது, நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் 1993-இல் தொடங்கிய உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ. ஆரம்பத்தில் இரண்டு நாள் நடந்த அதன் லேப் (செய்முறை) தேர்வு, 2001-இல் ஒரே நாளில் எட்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. 2020 பிப்ரவரி முதல் என்டர்பிரைஸ் பிரிவில் மூன்று மணி நேர வடிவமைப்புப் பகுதியும், ஐந்து மணி நேரம் கருவிகளில் நேரடியாகப் பணிபுரியும் பகுதியும் கொண்டதாக அது நடைபெறுகிறது. மற்றொரு கருவி நிறுவனமான ஜூனிபரின் ஜேஎன்சிஐஇ தேர்வுகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சிஸ்கோவின் தொடக்கநிலைத் தேர்வான சிசிஎன்ஏவிலும், 120 நிமிடங்களுக்குள் கட்டளைகளைத் தட்டச்சு செய்து முடிக்க வேண்டிய சிறு செய்முறைக் கேள்விகள் வரக்கூடும்.

தயாராகும் வழிகளை ஒப்பிடுவதற்கு முன், இத்தகைய தேர்வு எதற்குப் புள்ளி தருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சிசிஐஇ லேபில் ஒரு பணிக்குரிய நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறினால்தான் அந்தப் பணிக்கான புள்ளி கிடைக்கும். பாதி சரியாக இருந்தால் பாதிப் புள்ளி என்ற ஏற்பாடு கிடையாது. ரவுட்டர்கள் வழிகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளில் (புரோட்டோகால்) ஒன்றான ஓஎஸ்பிஎஃபில், பக்கத்து ரவுட்டர்களுக்கிடையிலான அண்டை உறவு எல்லா இடத்திலும் அமைந்து, ஒரே ஒரு இணைப்பில் மட்டும் கேட்ட அங்கீகாரச் சாவி விடுபட்டிருந்தால், அந்தப் பணிக்காகச் செலவிட்ட நேரம் முழுவதும் வீண். எனவே கட்டளை தெரிவது மட்டும் போதாது. செய்து முடித்ததும் வலையமைப்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அந்த நிலையில் இல்லாவிட்டால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இந்த அளவுகோலை வைத்தே எடைபோடுகிறேன்: எதிரே குறிப்பேடு இல்லாதபோது வலையமைப்பின் நிலையை முன்னறிந்து சொல்லும் திறனை இந்த வழி எவ்வளவு வளர்க்கிறது?

படிப்பதும் பார்ப்பதும்

பெரும்பாலானோர் புத்தகத்திலோ காணொளிப் பாடத்திலோதான் தொடங்குகிறார்கள். தொடக்கத்தில் இது தேவைதான். நெறிமுறை எப்படி இயங்குகிறது என்பதே தெரியாமல் கட்டளைகளை அடித்துப் பார்ப்பதால் பயனில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், மாதக்கணக்கில் அதிலேயே தங்கிவிடும்போது. இரண்டாம் முறை அதே அத்தியாயத்தைப் படிக்கையில் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நன்றாகக் காட்டியது. ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த சோதனையில் முன்னணியில் இருந்தார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்து, ஒரு முறை படித்துவிட்டுப் பிறகு பார்க்காமலே நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருக்க, படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் ஏறத்தாழ 40 விழுக்காடே மிஞ்சியிருந்தது. ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு உத்திகளை மதிப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் பழகுவதையும் உயர்பயன் தருவனவாகவும், அடிக்கோடிடுவதையும் மறுபடி படிப்பதையும் குறைந்த பயன் தருவனவாகவும் வகைப்படுத்தினார்கள்.

செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர் இதை மிக எளிதாகத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஓஎஸ்பிஎஃப் அண்டை உறவின் எட்டு நிலைகளைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அவற்றை வரிசையாக எழுதுவது முதல் படி. அதற்குப் பக்கத்தில், எந்தப் பொருத்தமின்மை உறவை எந்த நிலையில் தடுத்து நிறுத்தும் என்று எழுதுவது இரண்டாம் படி. உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிய அனுப்பும் ஹலோ செய்திகளின் நேர இடைவெளியோ, வலையமைப்பின் பகுதியைக் குறிக்கும் ஏரியா எண்ணோ பொருந்தாவிட்டால் அண்டை ரவுட்டர் பட்டியலிலேயே தோன்றாது. ஹலோ ஒரு திசையில் மட்டும் போய்ச் சேர்ந்தால் உறவு இனிட் நிலையில் நிற்கும். எம்டியு, அதாவது பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டின் அதிகபட்ச அளவு, பொருந்தாவிட்டால் எக்ஸ்ஸ்டார்ட் அல்லது எக்ஸ்சேஞ்ச் நிலையில் மாட்டிக்கொள்ளும். டூவே நிலையில் நிற்பது பிழையே அல்லாமலும் இருக்கலாம். ஈத்தர்நெட் போன்ற பொதுப் பிரிவில், அந்தப் பிரிவின் தலைமை ரவுட்டரான டிஆரோ அதன் மாற்றான பிடிஆரோ அல்லாத இரண்டு ரவுட்டர்கள் அப்படித்தான் நிற்கும். இந்த நான்கு வரிகளைப் பார்க்காமல் எழுத முடிந்தவருக்கு, தேர்வில் கருவியின் நிலையைக் காட்டும் ஒரே ஒரு ஷோ கட்டளை பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

காணொளியையும் புத்தகத்தையும் தம்முள் ஒப்பிட்டால் நான் புத்தகத்தின் பக்கமே நிற்பேன். காணொளியில் வேகத்தைத் தீர்மானிப்பவர் ஆசிரியர். அவருடைய விரல்கள் தட்டச்சு செய்வதைப் பார்க்கும்போது, நமக்கும் அது கைவந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. முதல் முறையாகச் சந்திக்கும் தலைப்புக்கு, எடுத்துக்காட்டாக, பாக்கெட்டுகளை அடையாளச் சீட்டுகளைக் கொண்டு அனுப்பும் எம்பிஎல்எஸ் வழியே செல்லும் ஒரு பாக்கெட்டின் பயணத்தைப் படமாக மனத்தில் பதித்துக்கொள்ள, காணொளி சிறப்பானது. இரண்டாம் முறையிலிருந்து அதற்குச் செலவிடும் மணிநேரத்தை லேபுக்குத் திருப்பிவிடுவதே சரி.

படிப்பதில் ஒன்றுக்கு மட்டும் தனி இடம் உண்டு: கருவி தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ ஆவணங்கள். சிசிஐஇ லேபில் சிஸ்கோவின் ஆவணங்களைப் பார்க்க முடியும். ஆனால் அதற்கெனத் தனி நேரம் கிடையாது. தேடுவதற்கு ஆகும் ஒவ்வொரு நிமிடமும் பணிகளுக்கான நேரத்திலிருந்தே போகும். அரிதாகப் பயன்படும் அம்சங்களுக்கான அமைவு வழிகாட்டி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஆகவே பயிற்சியின்போதே இணையத் தேடுபொறியைத் தவிர்த்துவிட்டு, ஆவணங்களின் தலைப்பு வரிசை வழியாகவே போய்ப் பழகுபவருக்கு இது கூடுதல் உழைப்பே இல்லாமல் வந்து சேரும்.

கையேட்டின் வழிநடத்தலா, வெற்று வலையமைப்பா

அடுத்த தெரிவு லேபுக்குள்ளேயே இருக்கிறது. படிப்படியாகக் கட்டளைகளைத் தரும் பயிற்சிக் கையேட்டைப் பின்பற்றுவதா, அல்லது ஐபி முகவரிகள்கூட இல்லாத வெற்றுக் கருவிகளிலிருந்து நோக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியெழுப்புவதா? பலர் இவ்விரண்டில் ஒன்றை உயர்ந்ததாகவும் மற்றதைத் தாழ்ந்ததாகவும் பேசுகிறார்கள். என் பார்வையில் இது உயர்வுதாழ்வுக் கேள்வி அல்ல, காலத்தைப் பொறுத்த கேள்வி. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியதுபோல், ஒரு துறைக்குப் புதியவர் தீர்த்துவைத்த எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் படிக்கும்போது, தாமே முட்டிமோதித் தீர்ப்பவரைவிட விரைவாகக் கற்கிறார். அதே எடுத்துக்காட்டுகள், அறிவு வளர்ந்தபின் உதவாமல் போவது மட்டுமின்றித் தடையாகவும் மாறுகின்றன என்பதைப் பின்னாளில் ஸ்லாவா கல்யுகாவும் அவரோடு ஆய்ந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள்.

எனவே மைய அலுவலகத்தையும் கிளைகளையும் இணைக்கும் டிஎம்விபிஎன் போன்ற ஒன்றை முதன்முறையாகத் தொடும்போது கையேட்டைத் திறந்துவைத்து, அது சொல்கிறபடியே ஹப்பையும் (மையத்தையும்) ஸ்போக்குகளையும் (கிளைகளையும்) அமைத்து, கிளைகள் தம் முகவரியை மையத்திடம் தெரிவிக்கும் என்எச்ஆர்பி பதிவுகள் எப்படித் தோன்றுகின்றன என்று பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் முறை, கையேட்டில் உள்ள பணியின் விவரத்தை மட்டும் படித்துவிட்டு விடைப்பகுதியை மூட வேண்டும். மூன்றாம் முறை, முகவரித் திட்டத்தையும் ஹப்பின் இடத்தையும் மாற்றிவிட்டு, கையேட்டையே தொடாமல் கட்ட வேண்டும். விடையைப் பார்க்காமல் செய்து முடித்து, அது சரியா என்பதையும் விடையைப் பார்க்காமலே உறுதிசெய்ய முடிந்தால், அந்தத் தலைப்பில் கையேட்டின் வேலை முடிந்துவிட்டது. விடைப்பகுதியோடு ஒப்பிட்டுத்தான் சரி என்று தெரிந்துகொள்ள முடிகிறதென்றால் இன்னும் முடியவில்லை. தேர்வறையில் விடைப்பகுதி இருக்காது என்பதால், உறுதிசெய்தல் என்பது செய்முறையின் பாதி. கையேடுகள் அந்தப் பாதியை நமக்காகத் தாமே செய்துவிடுகின்றன என்பதுதான் அவற்றின் பெரிய குறை.

தலைப்புத் தலைப்பாகவா, கலந்தா

ஒரு வாரம் முழுவதும் ஓஎஸ்பிஎஃப், அடுத்த வாரம் இஐஜிஆர்பி, அதற்கடுத்த வாரம் பிஜிபி என்று ரவுட்டிங் நெறிமுறைகளை ஒவ்வொன்றாகத் திட்டமிடுவது ஒழுங்காகத் தெரியும். பாடத்திட்டமும் அப்படியே வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் கணிதக் கணக்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இந்த ஒழுங்கைப் பற்றி நம்மை யோசிக்க வைக்க வேண்டும். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடும், பல வகைகளைக் கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முதல் குழு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது; கலந்து செய்த குழு 63 விழுக்காட்டில் நின்றது. பயிற்சி நேரத்தில் தடுமாறியவர்களே சோதனையில் வென்றார்கள்.

நெட்வொர்க் தேர்வில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கடினமான பணிகள் ஒரு நெறிமுறைக்குள் இருப்பதில்லை. இரண்டு நெறிமுறைகள் சந்திக்கும் எல்லையில் இருக்கின்றன. இஐஜிஆர்பிக்கும் ஓஎஸ்பிஎஃபுக்கும் இடையே இரண்டு எல்லை ரவுட்டர்கள் நின்று, இரண்டுமே இரு திசையிலும் வழிகளை மறுபகிர்வு செய்வதாக, அதாவது ஒரு நெறிமுறையில் அறிந்த வழியை மற்றதில் அறிவிப்பதாகக் கொள்வோம். இஐஜிஆர்பிக்குள் வெளியிலிருந்து வந்த ஒரு வழிக்கு, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் குறிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் 170. முதல் எல்லை ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் அனுப்புகிறது. இரண்டாவது எல்லை ரவுட்டருக்கு அதே வழி இப்போது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்கிறது: இஐஜிஆர்பியில் 170, ஓஎஸ்பிஎஃபில் 110. சிறிய எண்ணையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும் என்பதால் அது ஓஎஸ்பிஎஃபின் வழியை எடுத்துக்கொண்டு, அதையே மறுபடி இஐஜிஆர்பிக்குள் விளம்பரம் செய்கிறது. மறுபகிர்வின்போது கொடுத்த தொடக்க மெட்ரிக் (வழியின் செலவு மதிப்பு) கவர்ச்சியாக அமைந்துவிட்டால், பாக்கெட்டுகள் வட்டமடிக்கத் தொடங்கும். வழிகளுக்கு இடும் அடையாள எண்களான ரவுட் டேகுகளைக் கொண்டு, ஒரு முறை எல்லை கடந்த வழி மீண்டும் உள்ளே வராமல் தடுக்கலாம். அல்லது ஓஎஸ்பிஎஃபின் வெளி வழிகளுக்குரிய டிஸ்டன்ஸை 170-க்கு மேல் உயர்த்தலாம். ஓஎஸ்பிஎஃபை ஒரு வாரமும் இஐஜிஆர்பியை மறு வாரமும் தனித்தனியே நூறு முறை அமைத்துப் பழகியவருக்கு இந்தச் சிக்கல் ஒரு முறைகூட எதிர்ப்பட்டிருக்காது.

அதனால் அடிப்படை அறிமுகம் முடிந்த மறுகணமே கலப்புக்கு மாறிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதல் அறிமுகத்துக்குத் தலைப்பு வாரியான வரிசை; அதன்பின் ஒவ்வொரு லேப் அமர்விலும் குறைந்தது மூன்று தலைப்புகளாவது ஒரே வலையமைப்பில் மோதிக்கொள்ள வேண்டும். தினமும் பெறும் வெற்றியின் அளவு குறையும், மனம் சோரும்; அந்தச் சோர்வை முன்னேற்றமின்மை என்று தவறாக எண்ணிப் பழைய வரிசைக்குத் திரும்பிவிடக் கூடாது.

உடைத்துச் சரிசெய்தல்

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், இயங்கிக்கொண்டிருக்கும் வலையமைப்பை உடைத்துப் பழுது கண்டறியும் பயிற்சியையே தேர்ந்தெடுப்பேன். புதிதாகக் கட்டும்போது நாம் போகும் பாதை நமக்குத் தெரியும். உடைந்ததைப் பார்க்கும்போது அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன, நிலையை முன்னறியும் திறன் வேறு எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு நேரடியாகச் சோதிக்கப்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலான இணைப்பில், ஒரு பக்கம் ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் வகை பிராட்காஸ்ட், மறுபக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகைகளுக்கும் இயல்பான ஹலோ இடைவெளி 10 நொடி, அண்டை இல்லாமல் போனதாகக் கருதும் டெட் இடைவெளி 40 நொடி. ஆகவே அண்டை உறவு ஃபுல் நிலைக்கு வந்துவிடும். அண்டைப் பட்டியலைப் பார்ப்பவர் எல்லாம் சரி என்று நகர்ந்துவிடுவார். ஆனால் ரவுட்டிங் பட்டியலில் மறுபக்கத்து வழிகள் வந்திருக்காது. இணைப்பை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் தம் எல்எஸ்ஏக்களில் (இணைப்பு நிலை அறிவிப்புகளில்) விவரிப்பதால், குறுகிய பாதையைக் காணும் எஸ்பிஎஃப் கணக்கீட்டில் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தரவுத்தளத்தில் எல்எஸ்ஏ இருக்கிறது, ஆனால் அதை அனுப்பிய ரவுட்டரை எட்ட முடியவில்லை என்ற குறிப்போடு இருக்கிறது. இதே வகையில் பிஜிபியில் மிகவும் பொதுவானது, உள் அண்டைக்கு வழி போய்ச் சேர்ந்தும் அதன் நெக்ஸ்ட் ஹாப்பை (அடுத்து அனுப்ப வேண்டிய முகவரியை) எட்ட முடியாததால் அது சிறந்த வழியாகத் தேர்வு பெறாமல் நிற்பது. இரண்டிலும் உறவு நலமாக இருக்கிறது, விளைவு மட்டும் இல்லை. உறவு, தரவுத்தளம், ரவுட்டிங் பட்டியல், பாக்கெட்டின் உண்மையான பயணம் என்ற நான்கு அடுக்குகளில் எந்த அடுக்கு வரை சரி, எங்கே அறுகிறது என்று கேட்கப் பழகியவருக்கு இவை சில நிமிட வேலை.

பழுது தேடும் முறையிலும் ஒரு தெரிவு இருக்கிறது. ஷோ ரன் கட்டளையைப் போட்டு, அமைவு முழுவதையும் வரிவரியாகப் படித்துப் பொருந்தாததைத் தேடுவது ஒரு முறை. நெறிமுறையின் தற்போதைய நிலையைக் காட்டும் கட்டளைகளில் தொடங்கி, ஐயம் ஒரு கருவியில் குவிந்த பிறகே அமைவைத் திறப்பது மற்றொரு முறை. நான்கு ரவுட்டர்கள் உள்ள சிறு பயிற்சி லேபில் முதல் முறையே வேகமானதாக இருக்கும்; பலர் அதற்குப் பழகிவிடுவதும் அதனால்தான். கருவிகள் பல மடங்காகும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்காது. இருக்கும் தவறான வரியை அமைவில் பார்த்துவிடலாம், இருக்க வேண்டியும் இல்லாத வரியைப் பார்க்க முடியாது. ஆகவே சிறு லேபிலும் நிலையிலிருந்தே தொடங்குவது என்ற கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது, பின்னால் பெருந்துணையாக இருக்கும்.

தனியாகப் படிப்பவர் எப்படித் தமக்குத் தெரியாமல் தம் வலையமைப்பை உடைப்பது என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பிழையையும் ஒரு சிறு உரைக்கோப்பாக எழுதி, நாற்பது ஐம்பது சேர்ந்தபின் அவற்றிலிருந்து இரண்டு மூன்றைக் குலுக்கி எடுத்துக் கருவிகளில் ஏற்றும் சிறு நிரலை வைத்துக்கொள்ளலாம். பைத்தான் தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை, தேர்வில் வரும் ஆட்டோமேஷன் பகுதிக்கும் பயிற்சி. பழுதுகளை எழுதியவரே கண்டுபிடிப்பவராகவும் இருப்பதால் நாளடைவில் பட்டியல் மனப்பாடமாகிவிடும் என்பது இதன் எல்லை. படிப்புத் துணை ஒருவர் கிடைத்தால் அந்த எல்லை நீங்குகிறது: ஒருவர் உடைக்க, மற்றவர் சரிசெய்ய, பிறகு இருவரும் இடம் மாறலாம். குழுவாகப் படிப்பதன் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து காணொளி பார்ப்பதற்கோ குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கோ குழு தேவையில்லை. நல்ல பழுதை உருவாக்குவதற்கு நெறிமுறையை ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், உடைப்பவரும் சரிசெய்பவருக்கு இணையாகவே கற்கிறார்.

கருவிகள்

எந்த மென்பொருளில் பழகுவது என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அது பெறும் கவனத்தில் பாதிக்குத்தான் தகுதியானது. ஆயினும் சில வேறுபாடுகள் முடிவை மாற்றக்கூடியவை.

சிஸ்கோவின் பேக்கட் ட்ரேசர் ஒரு சிமுலேட்டர். ரவுட்டரின் இயங்குதளம் அதில் உண்மையில் ஓடுவதில்லை. அதன் நடத்தையைப் பாவனை செய்கிறது, கட்டளைகளில் ஒரு பகுதியை மட்டும் ஏற்கிறது. சிசிஎன்ஏவுக்கு, அதாவது விலான், ஸ்பானிங் ட்ரீ, ஸ்டாட்டிக் ரவுட்டிங், ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப், அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்கள் ஆகியவற்றுக்கு, அது போதும். சாதாரண மடிக்கணினியில் ஓடும், பாக்கெட் ஒவ்வொரு கருவியிலும் எப்படி மாறுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும். உயர்நிலைத் தேர்வுக்கு அது போதாது. அங்கே பழுது கண்டறிதலே மையம். பிழையான அமைவுக்கு உண்மையான ரவுட்டர் காட்டும் நடத்தையைப் பாவனை நிரல் காட்டும் என்று நம்ப முடியாது.

ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோவின் சிஎம்எல் ஆகியவை உண்மையான இயங்குதளப் படிமங்களையே ஓட்டுகின்றன. மூன்றிலும் எந்த இணைப்பிலும் வயர்ஷார்க்கைப் பொருத்திப் பாக்கெட்டுகளைப் பிடிக்கலாம். ஹலோவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் ஏன் அண்டை உறவு அமையவில்லை என்று ஊகிக்க வேண்டியதில்லை. சிஎம்எல் உரிமம் பெற்ற படிமங்களோடு வருகிறது. மற்ற இரண்டில் படிமங்களை முறையான வழியில் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் இடையே நாள்கணக்கில் ஊசலாடுவதை விட, கையிலிருக்கும் கணினியின் நினைவகத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொண்டு லேபைத் தொடங்குவது மேல். ஜூனிபர் தேர்வு எழுதுபவர் அந்நிறுவனத்தின் இயங்குதளமான ஜூனோஸையே ஓட்டிப் பழக வேண்டும். அங்கே மாற்றங்கள் கமிட் செய்யும்வரை நடப்புக்கு வருவதில்லை; கமிட் கன்ஃபர்ம்ட் கொடுத்துவிட்டு இயல்பான 10 நிமிடங்களுக்குள் மறு உறுதி தராவிட்டால் பழைய அமைவே திரும்பிவிடும். இந்தப் பணிமுறையைக் கை அறிந்திருப்பது கட்டளை அறிவுக்கு ஈடாகவே முக்கியம்.

உண்மையான கருவிகளை வாங்கிப் பழகும் வழி ஒரு காலத்தில் தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்று, சுவிட்ச் வன்பொருளின் தனித்தன்மைகளைச் சார்ந்த சில அம்சங்களுக்கும், கன்சோல் கேபிளும் ஒளியிழைக்கான ஆப்டிக்கும் கையில் படும் அனுபவத்துக்கும் மட்டும் அது தேவைப்படுகிறது. ஒரு கருவியைக்கூட நேரில் தொட்டிராத தொடக்கநிலையாளருக்கு ஒரு ரவுட்டரும் இரண்டு சுவிட்சுகளும் மதிப்புள்ளவை. சிசிஐஇக்குத் தயாராகிறவருக்கு அவை எழுப்பும் சத்தமும் வெப்பமும் மிச்சம்.

முழுநேர மாதிரித் தேர்வா, தினசரிச் சிறு பயிற்சியா

எட்டு மணி நேர மாதிரித் தேர்வை வாரந்தோறும் எழுதுபவர்கள் உண்டு. அதில் கிடைப்பது உழைப்பின் நிறைவு; கற்றல் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. முழுநேர மாதிரித் தேர்வு, நேரத்தைப் பங்கிடும் திறனையும், ஆறாம் மணி நேரத்தில் கவனம் எப்படிச் சிதறுகிறது என்பதையும் காட்டும் அளவைக் கருவி. தினமும் எடைபார்ப்பதால் உடல் வலுப்பெறாததுபோல, இதை அடிக்கடி எழுதுவதால் திறன் கூடுவதில்லை. திறனைக் கூட்டுவது அடுத்தடுத்த நாள்களில் செய்யும் பகுப்பாய்வும், அதில் கண்ட பலவீனத்துக்கான சிறு பயிற்சிகளும். தேர்வுக்கு முந்தைய இறுதிக் கட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் பிறகு சில நாள்கள் பகுப்பாய்வுக்கு ஒதுக்கி, மிகச் சில மாதிரித் தேர்வுகளை எழுதினால் போதும். புதிய வடிவில் வடிவமைப்புப் பகுதியில் கருவிகள் கிடையா, கடந்து வந்த கேள்விக்குத் திரும்பவும் முடியாது என்பதால், மின்னஞ்சல்களையும் வரைபடங்களையும் படித்து ஒரே மூச்சில் முடிவெடுக்கும் பயிற்சியை மாதிரித் தேர்வில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

தினசரிச் சிறு பயிற்சியில் வேகத்துக்கு இடம் உண்டு. அடிப்படை ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, சுவிட்ச் அமைவுகளை ஒரு உரைத் திருத்தியில் பிழையின்றி எழுதி, ஒரே முறையில் கருவிகளில் ஒட்டப் பழகியவர், எளிய பணிகளில் மிச்சம் பிடிக்கும் நேரத்தைக் கடினமான பணிகளுக்குக் கொடுக்க முடிகிறது. நினைவு அட்டைகளும் இந்த அளவில் பயன்படும். டிஸ்டன்ஸ் எண்கள், இயல்பு நேர இடைவெளிகள், பிஜிபியின் வழித்தேர்வு வரிசை போன்றவற்றுக்கு அவை சிறந்தவை, அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். கசிந்த கேள்விகளைத் தொகுத்து விற்கும் டம்ப்கள் இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே இடம்பெறத் தகுதியற்றவை. அவை தேர்வின் ஒப்பந்தத்தை மீறுவதோடு, நாளை ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு நின்றுபோகும்போது அதைச் சரிசெய்யத் தெரியாத ஒருவரிடம் சான்றிதழைக் கொடுத்துவிடுகின்றன.

யாருக்கு எது

முதன்முறையாக சிசிஎன்ஏ எழுதுபவருக்கு, புத்தகம் ஒன்று, பேக்கட் ட்ரேசர், கையேட்டு லேபுகள் என்ற சேர்க்கையே பொருத்தம். அத்தேர்வின் பாடத்திட்டத்தில் ஐபி இணைப்புக்கு 25 விழுக்காடும், நெட்வொர்க் அடிப்படைகளுக்கும் அணுகலுக்கும் தலா 20 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருப்பதால், லேப் நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பிரிய வேண்டும். படிப்புக்கும் லேபுக்கும் சமபாகம் கொடுத்து, பாதி வழியில் கையேட்டை மூடிவிட்டால் போதும்.

ஏற்கெனவே நெட்வொர்க் பணியில் இருந்துகொண்டு உயர்நிலை லேபுக்குத் தயாராகிறவரின் நிலை வேறு. அவருக்குத் தம் பணியிடத்தில் பயன்படுத்தும் நெறிமுறைகள் கைவந்திருக்கும், பயன்படுத்தாதவை முற்றிலும் புதிதாக இருக்கும். தெரிந்ததில் கையேட்டுக்கு நேரம் கொடுக்காமல் நேரே உடைத்துச் சரிசெய்யும் பயிற்சிக்குப் போகலாம். தெரியாததில் தம் அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தொடக்கநிலையாளர்போலக் கையேட்டில் தொடங்க வேண்டும். பணியிடத்தில் ஒரு பிழைக்குக் கைவசமிருக்கும் குறுக்குவழி, தேர்வில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டிருக்கும். ஸ்டாட்டிக் ரவுட் போட்டு ஒப்பேற்ற முடியாது. அனுபவசாலிகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால், எல்லாப் பயிற்சிப் பணிகளிலும் இரண்டு மூன்று தடைகளைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஒரு முறை எழுதித் தேர்ச்சி பெறாதவர், மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. அவருக்கு அது மிகவும் தவறான தெரிவு என்று கருதுகிறேன். அவரிடம் அறிவுக் குறைவைவிட, தாம் செய்ததை உறுதிசெய்யும் பழக்கத்தின் குறைவே இருக்கக்கூடும். ஒரு பணியில் நேரம் போதாமல் விட்டதா, முடித்ததாக நினைத்துப் புள்ளி கிடைக்காததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். முதலாவதென்றால் தட்டச்சு வேகமும் பணிகளை எடுக்கும் வரிசையும் மாற வேண்டும். இரண்டாவதென்றால் ஒவ்வொரு வகைப் பணிக்கும், முடித்ததும் எந்த மூன்று ஷோ கட்டளைகளில் என்ன தெரிய வேண்டும் என்பதைக் கட்டளை அடிப்பதற்கு முன்பே தாளில் எழுதிவிட்டு, பிறகு கருவி காட்டுவதோடு ஒப்பிடும் பயிற்சியை முதல் சில வாரங்களுக்குச் செய்ய வேண்டும். எழுதியதும் காட்டியதும் வேறுபடும் பணிகளே அவருடைய புதிய பாடத்திட்டம்.